ஆறு வோல்ட்

மார்கழி மூன்றாம் கிழமை.
கடல் ஒருவரையும் உள்ளே விடவில்லை.
டச்சுக்குடா மணலில்
வள்ளங்கள் குப்புறக் கிடந்தன.
மீன் இல்லை, அதனால்
என் சைக்கிளுக்கும் வேலை இல்லை.
கரியரில் கட்டியிருந்த மீன்பெட்டிக்குள்
யாருடையதோ ஒரு பூனை
மூன்று குட்டி போட்டிருந்தது.

இருபத்தோராம் திகதி
மின்சார சபைக்காரர் வந்தார்.
நல்ல மனிதர்.
ஏணியில் நின்றபடியே
"பெருநாள் நேரம், குறை நினையாதேங்கோ அண்ணை" என்றார்.
நினைக்கவில்லை.
வயரை வெட்டினார்.

கொறற்றிக்கு ஒன்பது வயது.
ஒன்றும் கேட்கவில்லை.
போன வருஷத்துப் பல்புச் சரத்தை
பிஸ்கற் தகரத்திலிருந்து எடுத்து
இரண்டு பின்னேரம் இருந்து சிக்கெடுத்தாள்.
எடுத்து முடிந்ததும்
என்னைப் பார்க்கவில்லை,
சைக்கிளைப் பார்த்தாள்.

றேடியோ திருத்துகிற சில்வெஸ்டர் வந்து
பின்சில்லு டைனமோவைச் சுண்டிப் பார்த்தான்.
"ஆறு வோல்ட். பன்னிரண்டுக்கு மேல தாங்காது."
நாற்பதில் பன்னிரண்டை வெட்டி எடுத்தான்.
"அப்போஸ்தலர் மாதிரி," என்றாள் எமல்டா.
பூட்டிச் சுழற்றினால்
பதினொன்றுதான் எரிந்தது.
"கணக்குச் சரி," என்றான் சில்வெஸ்டர்.

மீன்பெட்டியைப் பூனையோடு கழற்றி
அடுப்படியில் வைத்தோம்.
தண்ணீர் ஊற்றி மூன்று தரம் தேய்த்தும்
கரியரில் சூரை மணம் போகவில்லை.
ஹாண்டிலுக்கு ஐந்து, மட்காட்டுக்கு நாலு,
மிச்சம் சீற்றுக்குக் கீழே.
மணியைச் சுற்றி ஜிகினாத் தாள்,
யூதாசு அதற்குள் ஒளிந்துகொண்டான்.

மழை விட்ட இரவு, டைக் வீதி.
பின்னால் கொறற்றி.
மெல்ல மிதித்தால் சிவப்பும் பச்சையும்
சுருட்டு நுனி அளவு.
வேகம் எடுத்தால்
குழிகளில் நின்ற வெள்ளமெல்லாம்
எங்களோடு ஓடி வந்தது.

கோட்டை வாசலில்
ஆமிக்காரப் பொடியன் ஒருவன் டோர்ச் அடித்தான்.
"நில்."
நின்றோம்.
நின்றதும் எல்லாம் அணைந்துபோனது.
அவன் சைக்கிளைச் சுற்றி ஒருதரம் நடந்தான்.
"லைட்... திரும்பப் போடு."
"போட ஏலாது தம்பி, போனால்தான் எரியும்."
யோசித்தான்.
இந்த வாசலில் எத்தனையோ வருஷம்
எத்தனையோ பேரிடம்
இறங்கி உருட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன்.
"அப்ப போ," என்றான், "வேகமாப் போ."
வளைவில் திரும்பும்போது
கொறற்றி கை காட்டினாள்.
அவன் டோர்ச்சை இரண்டு தரம்
அணைத்து அணைத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்தால்
முற்றத்துக் குடிலில் மான் ஒன்று
பாலனின் வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது.
எமல்டா விளக்குமாற்றோடு ஓடினாள்.
மான் அவசரப்படாமல்
வாயில் இருந்ததை மென்று விழுங்கி
மதிலோரம் போய் நின்றது.

சைக்கிளைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி
குடிலுக்கு முன்னால் நிறுத்தினோம்.
கொறற்றி மிதித்தாள். பாலன் தெரிந்தார்.
களைத்தாள். பாலன் இல்லை.
சத்தம் கேட்டுப் பக்கத்து வளவிலிருந்து
கேதாரணி வந்தாள்,
அவள் பின்னால் றிஸ்லான்,
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.
ஆளுக்கு நூறு மிதி என்று பேச்சு.
றிஸ்லான் எண்ணும்போது மட்டும்
எழுபதுக்குப் பிறகு திரும்பவும் அறுபது வந்தது.
மாட்டுப் பொம்மை போன வருஷமே உடைந்ததால்
கொறற்றி பூனைப்பெட்டியைத் தூக்கி வந்து
சூசையப்பருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிள்ளைகள் போனபிறகு
நான் ஏறி இருந்தேன்.
எங்கேயும் போகாமல்
உப்புவெளி வரை போகிற அளவு மிதித்திருப்பேன்.
வாசலில் வந்து நின்றாள் எமல்டா,
தலைமயிரை முடிந்துகொண்டே.

"காலை எடுங்கோ.
அந்தப் பிள்ளையும் நித்திரை கொள்ளட்டும்."

எடுத்தேன்.
சில்லு இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது.